மஞ்சள் அட்டை கட்டிய விளையாட்டு

பிரபு, இதை நடந்துகொண்டோ நின்றுகொண்டோ படிக்காதே. உட்கார்ந்து படி. ஃபோனில் சொல்ல வேண்டியதை எதற்கு மெனக்கெட்டு எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். ஃபோனில் நான் வாயைத் திறந்ததும் "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். அடுத்த "சரிம்மா"வுக்குள் உனக்கு ஒரு மீட்டிங் வந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது. தம்பி கார்த்தி அந்த விளையாட்டை ஆடலாமா கூடாதா என்று நீதான் கேட்டாய். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். "கத வேணாம்மா. ஆடலாமா, கூடாதா, ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்று முடித்துவிட்டாய். நாள் முழுக்க நான் கம்பெனியில் பார்க்கிற வேலையே அதுதான். பாட்டில் மூடி மெஷினிலிருந்து வந்து விழும், எடுத்துப் பார்ப்பேன், நல்லதென்றால் இந்தப் பக்கம், இல்லையென்றால் அந்தப் பக்கம். ரெண்டில் ஒன்று சொல்லத் தெரியாதவள் இல்லை உன் அம்மா. இந்த ஒன்றுக்கு மட்டும் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நீயோ இன்னும் கொஞ்ச நாளில் அமெரிக்காவுக்கு விமானம் ஏறப் போகிறாய். ஏறிவிட்டால் உன்னைப் பிடிக்க முடியாது. அதற்குள் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து வந்தபோது உன் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாய். கூடவே ஒரு சிடி. தையல் மெஷினை மூலைக்குத் தள்ளிவிட்டு அதன் மேஜையில் கம்ப்யூட்டரை வைத்தாய். நான் கேட்கவே இல்லை, நீயாகவே சொன்னாய்: "ஸ்கூல்ல பெரிய பசங்க சின்ன பசங்கள போட்டுப் படுத்துவாங்க இல்ல, அத வெச்சு எடுத்த கேம்மா. சூப்பரா இருக்கும்." அந்த அட்டையில் ஒரு வட்டத்துக்குள் பதினைந்து என்று போட்டிருந்ததை நான் பார்த்தேன். "இவனுக்குப் பதினாலுதானேடா" என்றேன். "ஒரு வருஷத்துல இன்னாம்மா ஆயிடப் போவுது" என்று சிரித்தாய். உன் சிரிப்பைப் பார்த்து நானும் விட்டுவிட்டேன். கம்பெனியில் லேபிளை மட்டும் பார்த்து ஒரு மூட்டை பிளாஸ்டிக் பவுடரைக்கூட உள்ளே விட மாட்டேன். வீட்டில் விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார்களே, பழவேற்காட்டுக்காரர்கள், அந்த வீட்டம்மா ஒரு நாள் சாயங்காலம் நம் வாசலில் வந்து நின்றார். அவர்கள் பையன் யூசுப், ஏழாவது படிக்கிறான், கார்த்தி போகிற அதே பொன்னேரி பள்ளிக்கூடம், அதே காலை ரயில். பையனின் இடது கையில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். சேர் போட்டு உட்காரச் சொன்னேன். அவர் நுனியில் உட்கார்ந்தார்.

"சண்டைக்கு வர்லக்கா. தப்பா நெனைக்காதீங்க. என் புள்ள இஸ்கூலுக்குப் போ மாட்டேன்னு மூலைல குந்திக்கினு கீறான். படிக்கட்டுல வுழுந்துட்டேன்னே சொல்லிக்கினு இருந்தான். நேத்துதான் வாயத் தொறந்தான். வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே ஓடிப்போய் ஏறி சீட்டு போடணுமாம். போடலன்னா பேக்க வெளிய கடாசிடுவாங்களாம். அப்டி ஏறச்சொல்லோதான் கால் வழுக்கிக்கீது." அப்படி ஏறச் சொன்னது யார் என்று நான் கேட்டேன். அவர் வாசலில் கிடந்த கார்த்தியின் ஷூவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அவுங்க அத்தா கடைய வுட்டுட்டு தெனமும் கூடப் போவ முடியுமா? நான் போனா இன்னும் கிண்டல் பண்ணுவாங்க. இன்னா பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்கக்கா" என்றார். கோபமாகக் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். யோசனை கேட்டார். என்னிடம் கொடுப்பதற்கு டீயைத் தவிர ஒன்றும் இல்லை. அதையும் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டார்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் காலையில் நடக்கிற கூத்து உனக்குத் தெரியாததில்லை. சென்னையிலிருந்து வருகிற வண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் ஆட்களை நிறைத்துக்கொண்டு வந்து நிற்கும், அவர்களை இறக்கிவிட்டு அப்படியே திரும்பும். அது நிற்பதற்குள், ஆட்கள் இறங்கும்போதே, சின்னப் பையன்கள் கூடவே ஓடி, கிடைத்த கம்பியைப் பிடித்து ஏறி, ஜன்னலோர இடங்களில் பையைப் போட வேண்டும். பெரிய பையன்கள் பிறகு மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்து உட்காருவார்கள். நடுவில் கவரப்பேட்டை, அடுத்தது பொன்னேரி. இருபது நிமிஷம்கூட ஆகாது. அந்த இருபது நிமிஷத்துக்கு நிற்க முடியாத அளவுக்கு யாருக்கும் கால் வலி கிடையாது. உட்காருவதற்காகச் செய்வதில்லை அது. எனக்காக ஒருத்தன் ஓடுகிறான் என்று காட்டுவதற்காகச் செய்வது.

கார்த்தி வந்ததும் நேராகவே கேட்டேன். "எல்லாரும்தாம்மா பண்றாங்க. சும்மா வெளயாட்டுக்கு" என்றான். அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததும் என் கண் கம்ப்யூட்டர் பக்கம் போனது. பள்ளிக்கூடம், பெரிய பையன், சின்னப் பையன், அடி, மிரட்டல், எல்லாம் அதற்குள் இருக்கிறது. அவன் அதைத்தான் ஆடுகிறான், அதைத்தான் செய்கிறான். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல இருந்தது. என் கைப்பையில் கம்பெனி அட்டை நாலைந்து எப்போதும் கிடக்கும். தள்ளிவிட வேண்டிய பெட்டியில் கட்டுகிற சிவப்பு ஒன்றை எடுத்து, சிடியின் டப்பாவில் நூல் போட்டுக் கட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். "இன்னாம்மா, கம்பெனி அட்டைய எடுத்தாந்து ஊட்ல கட்டிக்கினு கீற" என்றான். ஒரு அறை விட்டிருப்பேன். அந்த வயதில் உன்னை அடித்ததில்லை என்பதால் அவனையும் அடிக்காமல் விட்டுவிட்டேன்.

உங்கப்பா ரோலிங் மில்லிலிருந்து வந்து கேட்டுவிட்டு, "ஒடச்சி குப்பைல போடு, அதுக்கு இன்னா பஞ்சாயத்து" என்று சொல்லிவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தார். அவருக்கு உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் உடைப்பது ஒன்றுதான் வைத்தியம். நான் மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பொன்னேரிக்குப் போய்த் தலைமை ஆசிரியரைப் பார்த்தேன். ரயிலில் நடப்பதைச் சொன்னேன். விளையாட்டைப் பற்றியும் சொன்னேன். முதலாவது அவர் காதில் ஏறவில்லை, இரண்டாவது நன்றாக ஏறியது. "ட்ரெயின்ல நடக்கறதுக்கு நாங்க பொறுப்பாக முடியாதுங்க மேடம். கேட்டுக்கு உள்ள நடக்கறதக் கேளுங்க, பதில் சொல்றோம். இந்த கேம் விஷயம் சொன்னீங்களே, அதுதான் வேர். இன்னிக்கே நடவடிக்கை எடுக்கறேன்" என்றார். எடுத்தார். எல்லாப் பையன்களின் பையையும் திறந்து சிடி இருக்கிறதா என்று பார்த்தார்கள். நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். மறுநாள் காலையிலும் சின்னப் பையன்கள் வண்டியோடு ஓடினார்கள், அதற்கடுத்த நாள் காலையிலும் ஓடினார்கள். எனக்கு அன்றைக்குத் திருப்தியாக இருந்தது, அதுதான் வெட்கக்கேடு. அவர் தப்பித்துக்கொள்ள ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அதைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தவள் நான்.

அப்புறம்தான் நீ ஃபோன் செய்தாய். தம்பி உன்னிடம் அழுதிருக்கிறான். "கேம் ஆடி யாரும் ரவுடி ஆவ மாட்டாங்கம்மா. நீ ஆடிப் பாத்தியா? பாக்காமயே ரிஜெக்ட் பண்ணுவியா? உங்க கம்பெனியில இப்டித்தான் பண்றீங்களா?" என்றாய். நல்ல இடம் பார்த்துக் குத்தினாய். வேறு என்ன சொல்லியிருந்தாலும் பதிலுக்கு ரெண்டு சொல்லியிருப்பேன். ஃபோனை வைத்துவிட்டு பீரோவைத் திறந்தேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குக் காலை ஷிஃப்ட். சாயங்காலம் வந்து முகம் கழுவிவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். கார்த்தி பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு எந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்று சொல்லுவான். சொல்லுவானா, திட்டுவான். "அய்ய, செவுத்துல முட்டிக்கினு நிக்கிறம்மா, திரும்பு, திரும்பு." எனக்குத் திரும்பவே இரண்டு நாள் ஆனது. எங்கேயோ மலைமேல் ஒரு பெரிய பள்ளிக்கூடம், மணிக்கூண்டு, கோட்டு போட்ட பிள்ளைகள். அதில் புதிதாகச் சேருகிற பையனை நாம் நடத்த வேண்டும். அங்கே மூன்று கும்பல். திரையின் ஓரத்தில் ஒரு மீட்டர். நாம் செய்கிற காரியத்துக்குத் தகுந்த மாதிரி அது ஏறும், இறங்கும். அது ஏறினால்தான் யாரும் நம்மை மதிப்பார்கள், அடுத்த கட்டத்துக்கும் போக முடியும். ஒருத்தனைத் தள்ளிவிட்டால் ஏறும். ஒருத்தனை அடிக்க வருகிறவன் குறுக்கே போய் நின்றாலும் ஏறும், ஆனால் மெதுவாக.

நியாயத்தைச் சொல்ல வேண்டும், நான் நினைத்த அளவுக்கு மோசமில்லை. ரத்தம் கிடையாது. கத்தி கிடையாது. ரொம்பச் சின்னப் பிள்ளைகளை அடித்தால் காவலுக்கு நிற்கிற பெரிய மாணவர்கள் விரட்டிப் பிடித்து அறையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். எல்லாரையும் உருட்டி மிரட்டுகிற தடியன் ஒருத்தன் தனியாக இருக்கும்போது இருட்டுக்குப் பயந்து விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்குகிறான். அதைப் பார்த்ததும், அட, இதை எடுத்தவன் யாரோ கொஞ்சம் யோசித்திருக்கிறான் என்று எனக்கே தோன்றியது. பேச்சு முன்னே பின்னே இருக்கிறது. ஆனால் அது இங்கிலீஷில் இருந்ததால் பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதியை நம் ஸ்டேஷனில் தினமும் தமிழிலும் தெலுங்கிலும் கேட்கிறேன்.

ஆனால் ஒன்று நடந்தது. கண்ணாடி போட்ட குண்டுப் பையன் ஒருத்தன் மாடிப்படியின் கீழே நிற்பான். நாம் கிட்டே போனால் ஏதோ கெஞ்சுவான். எனக்கு மீட்டர் ஏறாமல் அப்படியே நின்றது. ஒரு கும்பல்காரன் வந்து இவனை அலமாரிக்குள் தள்ளிப் பூட்டு என்றான். குறுக்கே நிற்கிற வழியைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. தள்ளிப் பூட்டினேன். உள்ளேயிருந்து டம்டம்மென்று தட்டினான். மீட்டர் சரசரவென்று ஏறியது. நான் சிரித்தேன், பிரபு. வாய்விட்டுச் சிரித்தேன். "இன்னாம்மா நீயே அடைச்சிட்ட" என்று கார்த்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும் என்றால் பதினாலு வயதுக்கு என்ன வராது என்று அப்போது நினைத்தேன். ஆனால் அதைவிட விஷயம் வேறு இருந்தது. கார்த்தி சேமித்து வைத்திருந்த ஆட்டத்தை ஓட விட்டுப் பார்த்தேன். அவன் யாரையும் அடைக்கவில்லை. ஒரு இடத்தில்கூட இல்லை. எல்லா இடத்திலும் குறுக்கேதான் போய் நின்றிருந்தான். அடி வாங்கி வாங்கி மெதுவாக ஏற்றியிருந்தான் மீட்டரை.

அடுத்த நாள் ஆட்டத்தில் அந்தக் குண்டுப் பையன் அதே மாடிப்படியின் கீழே, அதே கண்ணாடியோடு, அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு நின்றான். நேற்று நான் பூட்டியது எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை.

"இவன் ஊட்டுக்கே போவ மாட்டானாடா?" என்று கேட்டேன்.

"கேம்ல அவனுக்கு ஊடு இல்லம்மா."

"யூசுப்புக்கு?"

அவன் மவுஸைத் தள்ளி வைத்தான். "கேம்ல குறுக்க நின்னா மீட்டரு ஏறும்மா. ட்ரெயின்ல குறுக்க நின்னா தூக்கி வெளிய போட்ருவாங்க."

நான் அன்று இட்லி மாவு அரைக்காமல் படுத்துவிட்டேன். இவனுக்கு எது சரி, எது தப்பு என்று நன்றாகத் தெரிகிறது. விளையாட்டில் அடி வாங்கிக்கொண்டாவது நல்லவனாக இருக்கிறான், அங்கே விழுந்தாலும் எழுந்துவிடலாம் என்பதால். காலையில் ஸ்டேஷனுக்குப் போனதும் அதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வேறு ஆளாக ஏறுகிறான். நானும் தலைமை ஆசிரியரும் சேர்ந்து எதைப் பிடித்துப் பூட்டி வைத்திருக்கிறோம் என்று பார். பீரோவுக்குள் அடங்குவதை மட்டும்.

அந்த வாரக் கடைசியில் நான் கம்பெனிக்குப் போகாமல் அவர்களோடு காலை வண்டியில் ஏறினேன். யூசுப் வரவில்லை, அவன் வீட்டிலேயே இருந்தான். நான் நிற்பதைப் பார்த்ததும் எல்லாரும் பூனை மாதிரி ஆகிவிட்டார்கள். ஆனால் சின்னவன் ஒருத்தனுக்குப் பழக்கம் விடவில்லை, வண்டி நிற்பதற்குள் ஓடிப் போய் ஏறிவிட்டான். நான் உள்ளே போனபோது ஜன்னலோரத்தில் ஒரு பை இருந்தது. மீசை அரும்புகிற பையன் ஒருத்தன், நல்ல மரியாதையாக, அந்தப் பையை எடுத்துவிட்டு, "நீங்க உக்காருங்க ஆன்ட்டி. இது பிரபு சீட்டு, காத்து நல்லா வரும்" என்றான்.

"எந்தப் பிரபு?" என்றேன்.

"தெரியாது ஆன்ட்டி. அப்பலேர்ந்து பேரே அதான். நாங்க வரசொல்லவே பிரபு சீட்டுதான். டென்த்துல பெரிய ஆளு யாரோ அவங்களுக்குத்தான் அது."

கார்த்தி வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். வண்டி கிளம்பியது. நான் உட்காரவில்லை. உட்கார முடியவில்லை. நீ அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு எட்டு வருஷம் ஆகிறது, கல்லூரிக்குப் போனாய், பெங்களூருக்குப் போனாய், உன் முகத்தைப் பார்க்காத பிள்ளைகள், உன்னோடு ஒரு வார்த்தை பேசாத பிள்ளைகள், உன் பெயரில் ஒரு இடத்தை வைத்துக்கொண்டு அதற்காக ஓடுகிற வண்டியில் ஏறுகிறார்கள். யூசுப் பையைப் போட ஏறியது அந்த இடத்துக்குத்தான். பொன்னேரியில் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் வழியில் கார்த்தியே சொன்னான். "ஆறாவது படிக்கசொல்லோ நானும்தாம்மா சீட்டு போட்டேன். அப்ப அண்ணன் ஃபோன்ல சொல்லிச்சு, கொஞ்ச நாளு பொறுத்துக்க, அப்பால உனக்கு பசங்க போடுவாங்கன்னு. இப்ப என் டர்னு." நீ அதைச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்காது. ஒரு நிமிஷம் பேசிவிட்டு மீட்டிங்குக்குப் போயிருப்பாய். அவன் மூன்று வருஷம் அதைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான்.

உன்னை மட்டும் திட்டுகிறேன் என்று நினைக்காதே. பத்தாவது படிக்கும்போது நீ சொல்லுவாய், "எனக்கு எப்பவும் ஜன்னலோரம்தாம்மா." அவ்வளவு கூட்டத்தில் அது எப்படிக் கிடைக்கிறது என்று நான் ஒரு நாள் கேட்டிருக்கலாம். பக்கத்து வீட்டில், என் பிள்ளை படு சமத்து, எங்கே போனாலும் இடம் பிடித்துவிடுவான் என்று பெருமையடித்துக்கொண்டேன். ஆமாம், பிடித்தாய். அது யார் வீட்டுப் பிள்ளை ஓடிப் பிடித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் கீழே விழுந்தானா, வீட்டில் போய் என்ன சொன்னான், அதுவும் தெரியாது.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் சிவப்பு, பச்சையைத் தவிர மஞ்சள் என்று ஒரு அட்டை உண்டு. ஹோல்டு என்போம். தள்ளவும் முடியாது, அனுப்பவும் முடியாது, வேறு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும் என்றால் அதைக் கட்டுவோம். அதில் யார் பார்க்க வேண்டும் என்று எழுத ஒரு கோடு இருக்கும். புதிதாக வருகிற பெண்கள் மஞ்சளைக் கட்டிவிட்டு அந்தக் கோட்டில் பெயர் எழுதாமல் விட்டுவிடுவார்கள். அந்தப் பெட்டி மாசக்கணக்கில் மூலையில் கிடக்கும், யாரும் தொட மாட்டார்கள், கேட்டால் ஹோல்டில் இருக்கிறது என்பார்கள். நான் அந்தச் சிடியிலிருந்து சிவப்பை அவிழ்த்துவிட்டு மஞ்சளைக் கட்டியிருக்கிறேன். கோட்டில் உன் பெயரை எழுதியிருக்கிறேன்.

ஏன் மஞ்சள் என்று சொல்கிறேன். அந்த விளையாட்டு ஒரு பிள்ளைக்கு நல்லது செய்யும், இன்னொரு பிள்ளைக்குக் கெட்டது செய்யும். அட்டையில் போட்ட பதினைந்து யார் வீட்டுப் பதினைந்து என்று அதை ஒட்டினவனுக்குத் தெரியாது. காலையில் ஸ்டேஷனில் அடி வாங்குகிற பையன் சாயங்காலம் அதில் உட்கார்ந்தால், எல்லாரையும் அடிக்கிற தடியனும் இருட்டுக்குப் பயப்படுகிறான் என்று பார்த்து ஒரு மூச்சு விடுவான். ஸ்டேஷனில் அடிக்கிறவன் உட்கார்ந்தால், நேற்றுப் பூட்டப்பட்டவன் இன்றைக்கு ஒன்றுமே ஆகாமல் வந்து நிற்பான் என்று நம்பிவிடுவான். நம் கார்த்தி ரெண்டுமாக இருக்கிறான். அதனால் அதைக் கொடுக்கிறவன் சிடியை மட்டும் கொடுத்துவிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறக் கூடாது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இவனுக்கு வீடு இல்லையா என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். நான் கேட்டேன். ஆனால் ரயிலைப் பற்றிக் கேட்க வேண்டியவள் நான் இல்லை. நான் ஏறினால் ஆன்ட்டி உட்காருங்க என்பார்கள். தலைமை ஆசிரியர் ஏறவே மாட்டார். உங்கப்பா ஏறினால் எதையாவது உடைப்பார்.

யூசுப்பின் மாவுக்கட்டை இந்த வாரம் பிரித்துவிட்டார்கள். நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன், கார்த்தியைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். கார்த்தி தலையைக் குனிந்துகொண்டு ஸாரி என்றான். யூசுப் எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தான். ஒரு ஸாரியை வைத்துக்கொண்டு அவன் அந்த பிளாட்ஃபாரத்துக்கு எப்படி வருவான், மற்ற பையன்கள் அப்படியேதானே இருக்கிறார்கள். அவன் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, "டிசி வாங்கிட்டு வேற இஸ்கூல் பாக்கலாம்னு சொல்றாருக்கா அவரு. நல்லா படிக்கிற புள்ள. எனக்கு மனசே வர்ல" என்றார். நான் யோசிக்காமல் ஒன்று சொல்லிவிட்டேன். "பெரியவன் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி வருவான். திங்கக்கெழம காலைல அவன் கூடப் போவான். அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க" என்றேன். உன்னைக் கேட்காமல் உன் பெயரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். உன் பெயரில் என்னென்னவோ நடக்கிறது அந்த வண்டியில், இதுவும் நடக்கட்டும்.

சூட்கேஸ் வாங்க வேண்டும், நண்பர்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அதையெல்லாம் சனி ஞாயிறில் முடித்துக்கொள். திங்கட்கிழமை காலை நாஷ்டா முடித்துவிட்டு கார்த்தியோடு ஸ்டேஷனுக்குப் போ. யூசுப்பை அவன் அம்மா கொண்டுவந்து விடுவார். அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு பிரசங்கம் எதுவும் பண்ணாதே, உனக்கு அது வராது, அவர்களும் கேட்க மாட்டார்கள். வண்டி நிற்கட்டும். இறங்க வேண்டியவர்கள் எல்லாரும் இறங்கட்டும். பிறகு ஏறு. யாராவது ஜன்னலோரத்தைக் காட்டி பிரபு சீட்டு என்பான், அப்போது, அந்தப் பிரபு நான்தான், எனக்கு இங்கே சீட்டு கிடையாது என்று சொல். அவ்வளவுதான். அவர்களுக்கு அது ஒரு பெயர், எட்டு வருஷமாக ஆளில்லாத பெயர். ஆள் வந்து நின்றால் அந்தப் பெயர் எத்தனை நாள் நிற்கும் என்று பார்ப்போம். நிற்காமலும் போகலாம், நின்றாலும் நிற்கலாம். நான் உத்தரவாதம் எதுவும் தரவில்லை. நீ சாயங்காலம் வந்ததும் பீரோ சாவியைத் தருகிறேன். சிடியைக் கார்த்தியிடம் கொடுப்பதா வேண்டாமா என்று நீ சொல்லு, ரெண்டில் ஒன்று.

விமானத்தில் ஜன்னலோரமாகக் கேட்டு வாங்கிவிட்டதாகச் சந்தோஷப்பட்டாய். போகும்போது நன்றாக உட்கார்ந்து போ. மேகமெல்லாம் பார், அம்மாவுக்கு ஃபோனில் சொல்லு, நான் குறுக்கே பேசாமல் கேட்கிறேன். திங்கட்கிழமை மட்டும் அந்த ஜன்னலோரத்தில் யார் பையும் இருக்கக் கூடாது. பொன்னேரி வரைக்கும் அது காலியாகவே போகட்டும். நீ அதன் பக்கத்தில் நின்றுகொண்டு போ.

அம்மா